நனையக்கூடாத படகுகள்

படகு என்பது தண்ணீரில் கிடக்க வேண்டிய பொருள் என்பதில் எங்கள் கரையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் இருந்தது. யார் வீட்டுக் கோழி யார் வாசலைக் கிளறியது என்பதில் தொடங்கி, ஆறு முதலில் வந்ததா ஊர் முதலில் வந்ததா என்பது வரை பேசித் தீராத வழக்குகள் எங்களிடம் ஏராளம். படகு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம், அதற்கென்று ஒரு துறை ஏற்படும் வரை.

எங்கள் ஊருக்கு மூன்று பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் ஆறு. சதுப்பில் கால் வைத்தவர் அந்த அனுபவத்தைச் சொல்லத் திரும்பி வந்ததில்லை. ஆகவே போவதும் வருவதும் ஆற்றின் வழியாகத்தான். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை, அலுவலகங்கள் எல்லாம் அக்கரையில். அக்கரைக்காரர்கள் தார்ச்சாலை வந்ததும் படகை விட்டுவிட்டார்கள். மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பழைய படகைக் குறுக்கே அறுத்து, மூக்கு மேலே பார்க்க நிமிர்த்தி, உள்ளே பலகை அடித்தால் புத்தக அலமாரி. அந்த வருடத்து நாகரிகம் அது. புத்தகம் இல்லாதவர்கள் செருப்பு வைத்தார்கள். அக்கரையில் மிதக்கிற படகு ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் நிற்கிற படகு.

எங்கள் கரையில் மிதந்தவை எல்லாம் ஒரே ஆள் கட்டியவை. படகுத் தச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பலகையை நெருப்பில் வாட்டி வளைப்பார். இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார். தொழிலில் குறை சொல்ல முடியாது. ஆளிடம் ஒரு குறை உண்டு. புகழ் என்றால் கொள்ளை ஆசை. "எங்க தாத்தாவோட தாத்தா கட்டின கப்பல் ஏழு கடல் தாண்டிச்சு" என்பார். எந்த ஏழு என்று கேட்டால் உளியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய தங்கைதான் ஊருக்குத் துறைப்படகு ஓட்டுபவர். துடுப்பக்கா என்று கூப்பிடுவோம். ஆற்றைக் கடக்கிற நேரத்தில் உங்கள் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கே விளக்கிச் சொல்லக்கூடியவர்.

அக்கரையில் மரபு மரக்கலப் பாதுகாப்பு இயக்ககம் என்று புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள் என்று தச்சர் கேள்விப்பட்டார். யாரிடமும் சொல்லாமல் ஒரு மனு எழுதிப் போட்டார். தனக்கு ஒரு விருது கொடுக்கலாம் என்பது மனுவின் சாரம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவர்தான் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

மனுவை விசாரிக்க உதவி இயக்குநர் நேரில் வந்தார். அன்று காலையில்தான் துடுப்பக்காவின் வீட்டுக்காரர் சொத்தைப் பல் பிடுங்க அக்கரை போயிருந்தார். அவரை இறக்கிவிட்டு, அதே படகில் உதவி இயக்குநரை ஏற்றிக்கொண்டு வந்தார் அக்கா. நடு ஆற்றில் உதவி இயக்குநர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

"என்னம்மா இது, உள்ளே தண்ணி?"

"படகுங்க."

"அது தெரியுது. தண்ணி எதுக்கு?"

"வெளியில நிறைய இருக்குங்க. கொஞ்சம் எட்டிப் பாக்கும்."

உதவி இயக்குநரின் முகத்தில் ஒரு கடமை தெரிந்தது.

கரையில் இறங்கியதும் தச்சரைப் பார்த்து முதல் கேள்வி கேட்டார். "இந்த மரத்துக்கு எதிரின்னு எதைச் சொல்வீங்க?"

"கரையான்" என்றார் தச்சர்.

"அப்புறம்?"

"வெயில்."

"அதுக்கப்புறம்?"

விருதுக்கான தேர்வு என்று நினைத்துக்கொண்டு தச்சர் வியர்த்தார். சரியான பதிலை எதிரே இருந்த முகத்தில் தேடினார். உதவி இயக்குநர் ஆற்றின் பக்கம் பார்வையை ஓட்டி உதவினார்.

"தண்ணி...ங்களா?"

"பாத்தீங்களா, அவரே சொல்லிட்டார்!"

"இல்ல சார், அதுல ஊறி ஊறித்தான் பலகை..."

"ஊறுதா?" உதவி இயக்குநர் நெஞ்சில் கை வைத்தார். "இவ்வளவு பழைய பொருளை ஊறவா விட்டிருக்கீங்க?"

அங்கேயே, கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின் மேல் வைத்து உத்தரவு எழுதப்பட்டது. இக்கரையில் உள்ள மரப்படகுகள் யாவும் இன்று முதல் பாதுகாக்கப்பட்ட மரக்கலங்கள் என இதன்மூலம் அறிவிக்கப்படுகின்றன. அவற்றைச் சிதைவிலிருந்து காக்கும் பொருட்டு அவை தண்ணீரோடு எவ்விதத் தொடர்பும் கொள்ளலாகாது. மீறுவோர், அவர் எப்பதவியில் இருப்பினும், தண்டனைக்கு உரியவர்.

நாங்கள் கைதட்டினோம். உள்ளதைச் சொல்வதென்றால், எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதுவரை எங்களிடம் இருந்த எதையும் யாரும் பாதுகாக்க வந்ததில்லை. எல்லோரும் சேர்ந்து "ஏலேலோ" போட்டு ஒவ்வொரு படகாக மேட்டில் இழுத்து ஏற்றினோம். தச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்' என்று பலகை வைத்தார்கள். உதவி இயக்குநர் எல்லாவற்றையும் திருப்தியோடு பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

"சரி, நான் கிளம்பறேன். படகு தயாரா?"

எல்லோரும் மேட்டில் கிடந்த படகுகளைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை..." என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"கையெழுத்து இன்னும் காயலீங்களே சார்" என்றார் துடுப்பக்கா. "எப்பதவியில் இருப்பினும்னு வேற எழுதியிருக்கீங்க."

"உத்தரவை ரத்து செய்யலாம்..." என்றார் அவர், தனக்குத்தானே.

"செஞ்சிடுங்களேன்."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. இயக்குநருக்குத்தான்."

"அவர் எங்க இருக்கார்?"

உதவி இயக்குநர் அக்கரையைக் காட்டினார்.

"போன்ல சொல்லச் சொல்லுங்களேன்."

"அது வாய்மொழி. கோப்பை நான் நேர்ல கொண்டுபோய் வைக்கணும்."

இப்படியாக, எங்கள் ஊருக்கு ஓர் அதிகாரி கிடைத்தார், அக்கரைக்கு ஒரு சொத்தைப் பல்காரர் கிடைத்தார். தச்சரின் மரக்கொட்டகையில் உதவி இயக்குநருக்கு ஒரு கட்டில் போடப்பட்டது. சும்மா இருக்க முடியாமல் மறுநாளே அவர் இன்னோர் ஆணையைப் பிறப்பித்தார். படகு மரபு என்றால் அதைக் கட்டிய கையும் மரபு. ஆகவே தச்சரின் கைகளும் தேய்மானத்திலிருந்து காக்கப்பட வேண்டும். கொட்டகையில் கிடந்த கம்பளிக் கையுறையை மாட்டி, மணிக்கட்டில் முத்திரை வைத்தார்கள். தச்சர் அந்தக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி ஊரைச் சுற்றி வந்தார். சட்டைப் பொத்தானை யாராவது போட்டுவிட வேண்டியிருந்தது. சோற்றை அக்காதான் ஊட்டிவிட்டார்.

"வாயைத் திறங்க அண்ணே. விருது வாங்கின வாய்தானே."

"மெதுவா ஊட்டு தங்கச்சி. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுக்குத்தானே மனு போட்டீங்க?"

அக்காவின் கஷ்டம் அதோடு முடியவில்லை. அக்கரையில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர் தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். தினமும் சாயங்காலம் அவர் அந்தக் கரையில் வந்து நிற்பார், அக்கா இந்தக் கரையில் வந்து நிற்பார். இருவருக்கும் நடுவில் அகன்ற ஆறு. ரகசியம் பேசுகிற தூரமில்லை. வீட்டுக்காரருக்குத் தொலைபேசி உண்டு, ஆனால் அதைத் துடுப்புக்குப் பக்கத்தில் படகிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். படகோ கயிற்றுக்குள். பாதுகாக்கப்பட்ட மரக்கலத்தில் உள்ள பொருளும் பாதுகாக்கப்பட்டதே.

"என்னங்க! பல்லு எப்படி இருக்கு?" என்று கத்துவார் அக்கா.

"பிடுங்கியாச்சு! ஆனா பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டாங்க!"

"சாப்பாடெல்லாம்?"

"என்னமோ ஓடுது! உன் கைச்சாப்பாடு மாதிரி வருமா? இங்க குழம்புன்னு ஒண்ணு வைக்கிறாங்க, அதுல நம்ம படகையே விடலாம்!"

அப்போது அவருக்குப் பின்னால் அவருடைய தங்கை தூக்குச் சட்டியோடு வந்து நின்றதை எங்கள் கரை முழுவதும் பார்த்தது. அவர் மட்டும் பார்க்கவில்லை. "பின்னாடி! பின்னாடி!" என்று ஊரே கத்தியும் பயனில்லை. அன்றிலிருந்து அவர் தேநீர்க் கடைத் திண்பண்டத்தில்தான் உயிர் வாழ்ந்தார்.

ஊரின் கஷ்டமும் சிறியதல்ல. பாலைக் கறந்தவர் கறந்த பாலைத் தானே குடித்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்பதால் வீட்டில் பெற்றோருக்கு நிம்மதி இல்லை. இருமல்காரர்கள் மருந்து இல்லாமல் இருமினார்கள். இயக்குநர் ஒருநாள் அக்கரையின் ஓரத்துக்கு வந்து நின்று கையை அசைத்தார். அது ரத்தா, வணக்கமா என்பதை உதவி இயக்குநரால் உறுதி செய்துகொள்ள முடியவில்லை.

மேட்டில் ஏறிய படகுகள் இதற்குள் வெயிலில் காய்ந்து கொண்டிருந்தன. தண்ணீரில் கிடக்கும்வரை பலகை உப்பி ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். காய்ந்தால் சுருங்கி விலகும். விரல் நுழைகிற அளவுக்கு இடுக்குகள் விட்டுப்போயின. தச்சர் கையுறைக் கையைக் கயிற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த தகப்பன் போல நின்றார்.

உதவி இயக்குநரும் குனிந்து பார்த்தார். "நல்ல வேளை, சரியான நேரத்துல வெளியே எடுத்தோம். தண்ணி எவ்வளவு சேதம் பண்ணியிருக்கு பாருங்க. இப்பத்தானே வெளியே தெரியுது."

அவர் கெட்டவர் அல்ல. அதையும் சொல்ல வேண்டும். இயக்குநருக்கு இதைப் பற்றி அறிக்கை எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டில் அவருடைய மகளுக்கு அந்த வாரம் பிறந்தநாள் என்பதை அப்போதுதான் சொன்னார். துடுப்பக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். மரப்படகு தண்ணியில படக்கூடாது. சரி. மத்த மரச்சாமான் படலாமா?"

"அதெல்லாம் எங்க துறை இல்லம்மா."

"மேசை?"

"மேசையை நனைக்கிறதும் காயவைக்கிறதும் உங்க இஷ்டம்."

"அப்போ எங்கண்ணன் ஒரு மேசை செஞ்சா ஆட்சேபணை இல்லீங்களே?"

உதவி இயக்குநர் நீண்ட நேரம் யோசித்தார். பிறகு தச்சரின் மணிக்கட்டு முத்திரையைத் தானே உடைத்தார். மேசை செய்வது மரபுத் தொழிலில் சேராது என்று காரணம் எழுதினார்.

தச்சர் வேலையில் இறங்கியதும் ஆளே மாறிவிட்டார். பொன்னாடையை எங்கே கழற்றிப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. உளிச் சத்தம் கேட்டதும் ஊருக்குப் பாதி உயிர் வந்தது. மேசை நீளமாக வந்தது. காகிதம் காற்றில் பறந்து விழாமலிருக்க நாலு பக்கமும் விளிம்பு உயர்த்தப்பட்டது. யார் இடுப்பும் மூலையில் இடித்துக்கொள்ளாமலிருக்க முன்பக்கம் கூராக்கப்பட்டது. எறும்பு ஏறாமலிருக்கக் கால்கள் வைக்கப்படவில்லை. இரண்டு நீளக் கரண்டிகளும் கூடவே செய்யப்பட்டன. உதவி இயக்குநர் அதைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, 'மேசை' என்று சான்று வழங்கினார்.

மேசையைத் தண்ணீரில் தள்ளி எல்லோரும் ஏறினோம். அக்கா கரண்டியைக் கையில் எடுத்தார்.

"இருங்க" என்றார் உதவி இயக்குநர். "மேசையைச் சுத்தி ஆள் உக்காந்தா அதுக்குப் பேர் கூட்டம். கூட்டம் இல்லாம இத்தனை பேர் ஏன் மேசை மேல ஏறினீங்கன்னு தணிக்கையில கேட்டா நான் என்ன சொல்வேன்?"

ஆகவே கூட்டம் கூட்டினோம். உதவி இயக்குநர் தலைமை ஏற்றார். தச்சர் வரவேற்றார். கூட்டத்தின் பொருள்: அக்கரை. நடு ஆற்றில் பால்காரர் கையைத் தூக்கினார்.

"ஐயா, பால் திரிஞ்சிடுங்க."

"அது இதர பொருள்ல வரும். உக்காருங்க."

கரை நெருங்கியதும் ஒருவர் குதிக்கப் போனார். தலைவர் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். நன்றியுரைக்கு முன் இறங்கினால் கூட்டம் முடியாது. கூட்டம் முடியாவிட்டால் அவர் சட்டப்படி இன்னும் மேசையில்தான் இருக்கிறார். மேசையில் இருக்கிறவர் சந்தையில் எப்படி இருக்க முடியும்? அக்கரைப் பள்ளிக்குப் போய்வரும் எங்கள் ஊர் வாத்தியார் நன்றி சொல்லி முடிக்கிற வரை மேசையை அக்கா வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கரையில் அவருடைய வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"எந்தப் பல்லு? இதுவா?"

"ஆ... அதுதான் இன்னும் இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரும்பும்போது அவரைச் சிறப்பு அழைப்பாளர் என்று பதிவு செய்து ஏற்றிக்கொண்டோம்.

கோப்போடு இயக்ககத்துக்குப் போன உதவி இயக்குநர் கொஞ்ச நாள் கழித்து மேசையிலேயே எங்கள் கரைக்கு வந்தார். செய்தியைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று வந்தாராம். இயக்ககத்தை மூடிவிட்டார்கள். படகு நாகரிகம் போய், இப்போது பழைய கதவு நாகரிகம். அக்கரையில் படகு அலமாரிகளைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுச் சுவரில் எங்கும் திறக்காத கதவுகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் உத்தரவு தானாகவே காலாவதி. அவருக்கும் தற்போதைக்குப் பதவி இல்லை.

"இனிமே படகு படகுதான்" என்றார். "தாராளமா நனையலாம்."

அக்கா அன்றே கயிற்றை அறுத்தார். தச்சர் இடுக்குகளில் புதுப் பஞ்சு திணித்து எண்ணெய் பூசினார். துறைப்படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். முதலில் சல்லடை போலத் தண்ணீர் குடித்தது. மூழ்கவிட்டுக் காத்திருந்தார்கள். பலகை உப்பி, இடுக்கு அடைத்து, இறைத்ததும் பழையபடி மிதந்தது. அக்கா ஏறி நின்று துடுப்பை ஊன்றினார்.

"ஏறுங்கப்பா, போகலாம்!"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

விஷயம் என்னவென்றால், இதற்குள் மேசையில் எங்களுக்குப் பழகிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் ஒருமுறையாவது தலைமை கிடைத்திருந்தது. மாட்டைத் தவிர யாரிடமும் அதிகம் பேசாத பால்காரர், "கடைசியாக ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்" என்று தொடங்கி, மேசை ஆற்றோட்டத்தில் இரண்டு ஊர்களைத் தாண்டும் வரை அமரவில்லை. காய்ச்சலோடு ஏறிய ஒருவர் நன்றியுரை முடிவதற்குள் குணமாகி வீடு திரும்பியிருக்கிறார். தச்சர் நிரந்தரத் துணைத்தலைவர். அக்காவின் வீட்டுக்காரர் கரண்டிச் செயலாளர். இவ்வளவுக்கும் பிறகு வெறும் பயணியாக, யாரும் வரவேற்காமல், ஒரு படகில் ஏறி உட்காருவது என்றால் மனது ஒப்பவில்லை.

"இன்னிக்கு வாத்தியார் தலைமை. ஏற்கெனவே அறிவிச்சாச்சு தங்கச்சி" என்று தச்சர் நழுவினார்.

"நீங்களுமா?" என்று அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நான் பொறுப்புல இருக்கேம்மா" என்று அவர் கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேசைக்குப் போனார்.

உதவி இயக்குநர் மட்டும் படகில் ஏறினார். அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படகின் அடியில் கிடந்த தண்ணீரில் பாதத்தை வைத்துக்கொண்டார்.

நாங்கள் நடு ஆற்றில், பொருள் ஒன்றிலேயே, அதாவது எந்தப் பக்கம் போவது என்பதிலேயே நின்றுகொண்டிருந்தபோது, அக்காவின் படகு எங்களைத் தாண்டியது. நிற்கவில்லை, அனுமதி கேட்கவில்லை, வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக அக்கரை போய் அவரை இறக்கிவிட்டு, திரும்பி வந்து, மறுபடியும் எங்களைத் தாண்டியது.

வாத்தியார் எழுந்தார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு படகு இஷ்டத்துக்குத் தண்ணீரில் போவதும் வருவதும் முறையல்ல என்றார். பலத்த கைதட்டல். படகுகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று பால்காரர் தீர்மானம் கொண்டு வந்தார். தச்சர் வழிமொழிந்தார். அதை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று ஒருவர் கேட்டார். அப்படி ஒரு துறை இப்போது இல்லையே என்று கவலைப்பட்டோம். அப்படியானால் உடனடியாக ஒரு துறை ஏற்படுத்தித் தர வேண்டும் என்று திருத்தம் வந்தது.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கவும்" என்றார் வாத்தியார்.

அவ்வளவு ஒற்றுமையை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. ஒருவர் விடாமல் எல்லோரும் கை தூக்கினோம். கரண்டிச் செயலாளரும் இரண்டு கையையும் தூக்கினார். கரண்டிகள் தண்ணீரில் விழுந்து மிதந்து போயின. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று வாத்தியார் அறிவித்தபோது, மேசை ஆற்றோட்டத்தோடு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அது இதர பொருளில் வரும் என்பதால் யாரும் பேசவில்லை.